பிடித்தம் உண்டு, அட்டை இல்லை

அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். சென்ற ஆண்டு அங்கேயே வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மாத்திரை எல்லாவற்றுக்கும் பில் போட்டார்கள். என் ஆய்வு உதவித்தொகையில் கட்டினேன். இரண்டு மாதம் அம்மாவுக்குச் சம்பளமும் இல்லை.

பிறகுதான் சம்பளச் சீட்டைப் பார்த்தேன். மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடித்தம். ஆனால் எண்ணும் இல்லை, அட்டையும் இல்லை.

சட்டப்படி, ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவரிடம் 0.75 விழுக்காடு பிடித்தால், நிர்வாகம் 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். குடும்பத்துக்கே சிகிச்சை உண்டு. புறநோயாளி மருந்தும் சேர்த்தி. வேலையில் அடிபட்டால், வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 விழுக்காடு. ஒப்பந்ததாரர் ஏமாற்றினாலும் முதன்மை நிர்வாகமே பொறுப்பு.

அந்த மருத்துவமனையில் கழிவறை கழுவுகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் சேரிப் பெண்கள். பில் போடும் இடத்தில் எங்களில் ஒருவரும் இல்லை. யாரிடம் பிடித்தால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்பது ஒப்பந்ததாரருக்குத் தெரியும். சாதி அவருக்குச் செய்யும் உதவி அது.

தோழர்களே, காப்பீட்டுத் தொகையை உயர்த்தக் கேட்போம். அதற்கு முன், இன்றிரவு உங்கள் வீட்டுச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிடித்தம் இருந்தால், எண் எங்கே என்று கேளுங்கள்.