மருமகளை விசாரிப்பதற்கு முன்னால்...

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கண் முழுதாகத் திறக்காது. கண்ணின் அகலமே குறைவாக இருக்கும். மேலிமை தொங்கும். கீழிமையிலிருந்து மூக்கோரமாக ஒரு தோல் மடிப்பு மேலேறும். இரண்டு கண்ணுக்கும் நடுவே இடைவெளி கூடுதலாகத் தெரியும். வளர வளர, பிள்ளை மோவாயைத் தூக்கி நெற்றியைச் சுருக்கித்தான் எதையும் பார்க்கும். இமை தொங்குவதெல்லாம் இதல்ல. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் பிளெஃபாரோஃபிமோசிஸ் என்ற அரிய பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம்.

அப்படி ஒரு குழந்தை பிறந்த வீட்டில் நம்மவர்கள் முதலில் கேட்பது என்ன? "கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தாளா? கத்தியைத் தொட்டாளா?" பச்சை உடம்புக்காரியை உட்காரவைத்து விசாரணை! இதில் படித்தவர்களும் உண்டு. என்னிடம் உயிரியல் படித்தவர்களும் உண்டு.

2001-லேயே காரணம் தெரிந்துவிட்டது. 3-ஆம் குரோமோசோமில் ஃபாக்ஸ்எல்2 என்று ஒரு மரபணு. இமை உருவாகவும் சூலகம் வேலை செய்யவும் தேவையான புரதத்துக்கு அதுதான் கட்டளை. பல குடும்பங்களில் பிழை என்ன தெரியுமா? அந்தப் புரதத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் வரிசையாக 14 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருக்கிறது. சிலருக்கு மரபணு சரியாக இருக்கும். அதை இயக்கும் பகுதி தொலைந்திருக்கும். பொதுவாக இந்தப் பிழை கரு உருவாகும்போதே அதனுள் இருக்கிறது. அப்புறம் வரும் கிரகணம் அதை என்ன செய்ய முடியும்?

"சொந்தத்தில் கட்டியதால்தான்" என்று சிலர் அறிவியல் பேசுவார்கள். அதுவும் தப்பு. நெருங்கிய உறவில் மணம் முடித்தால் கூடுவது ஒடுங்கு பண்பு நோய்கள். பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடிக்குப் படம் போட்டீர்களே, மறந்துவிட்டதா? இது ஓங்கு பண்பு. அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிழையான பிரதி வந்தாலே போதும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 50 சதவீதம். பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவும் தோன்றலாம்.

இதில் ஒரு வகையில் பெண்களுக்கு 40 வயதுக்கு முன்பே சூலகம் ஓய்ந்துவிடும். ஆண்களுக்குக் குழந்தைப்பேற்றில் குறையில்லை. ஆகவே அந்த வகைக் குடும்பங்களில் இது பெரும்பாலும் ஆண்கள் வழியாகவே இறங்குகிறது. நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். மகனுக்கு அதே கண் இருந்தால் "எங்க வம்சத்துச் சாயல்" என்று பெருமை. பேரனுக்கு இருந்தால் மருமகள் மேல் பழி. அதே வம்சத்தில் பிறந்த மகளுக்குக் குழந்தை இல்லையென்றால் "மலடி" என்று பட்டம். ஒரே மரபணு, பழி மட்டும் ஒவ்வொரு முறையும் பெண்ணுக்கா?

உடனே அப்பாவைப் பிடித்து உலுக்காதீர்கள். எந்த மரபணுவைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று யாரும் பொறுக்கி எடுப்பதில்லை.

மூடிவைக்கவும் வேண்டாம். தொங்கும் இமை பார்வையை மறைத்தால், கண் நன்றாக இருந்தும் மூளை பார்க்கப் பழகாமல் போய்விடும். பரிகாரம் தேடி அலையும் மாதங்களில் போவது பிள்ளையின் பார்வை. மூக்கோர மடிப்புக்கான அறுவை பெரும்பாலும் 3 முதல் 5 வயதில் நடக்கும். இமை அதிகமாகத் தொங்கினால் அதற்கு முன்பே செய்ய வேண்டிவரும். எனவே பிறந்தவுடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பெண் குழந்தையென்றால் மரபணுப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். பின்னாளில் கருமுட்டையைச் சேமிப்பது போன்ற வழிகளை அவள் காலத்தோடு யோசிக்கலாம். பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளின் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. தூங்குமூஞ்சி என்று கூப்பிடாதீர்கள்.

கிரகணப் பேச்சை எடுப்பவர் பெரியவராகவே இருந்தாலும், மரியாதையாக, ஆனால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள். அந்தத் தாய்க்குக் கேட்கும்படி பேசுங்கள்.