வாசி இல்லாக் காசு

சோழநாட்டில் காவிரித் தென்கரையில் விளங்கும் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று திருவீழிமிழலை. ஆயிரம் தாமரையில் ஒன்று குறைந்தபோது திருமால் தம் கண்ணையே மலராகச் சாத்திச் சக்கரம் பெற்றார் என்பது இத்தல வரலாறு. இதற்கு வேறொரு பெருமையும் உண்டு. பஞ்ச காலத்தில் இறைவனே அடியார்க்குப் படிக்காசு அளித்த தலம் இது.

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இங்கு எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்தது. வற்கடம் சூழ்ந்து உயிர்கள் வாடின. சிவபெருமான் இருவர் கனவிலும் தோன்றி, அவர்களைச் சார்ந்த அடியார் பசியால் வருந்தாதிருக்க நாள்தோறும் காசு அளிப்பதாக அருளினார். அவ்வாறே கோயிலின் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள பீடங்களில் தினமும் ஒவ்வொரு காசு இருந்தது. அதைக்கொண்டு இரு திருமடங்களிலும் அமுது சமைக்கப்பட்டது. அடியார் யாவரும் உண்ண வருமாறு பறை சாற்றப்பட்டது.

நாவுக்கரசர் மடத்தில் உரிய வேளையில் அடியார் அமுது செய்தனர். சம்பந்தர் மடத்திலோ நாள்தோறும் காலம் தாழ்ந்தது. காரணம் வினவியபோது உண்மை வெளிப்பட்டது. சம்பந்தருக்குக் கிடைத்த காசில் வாசி இருந்தது. மாற்றுக் குறைந்த காசை வணிகர் வட்டம் கழித்தே ஏற்பர்; அதை மாற்றிப் பண்டம் பெறுவதற்குள் பொழுது ஏறிவிடும். நாவுக்கரசர் பெற்றதோ வாசியில்லாக் காசு. அவர் முதுமையிலும் உழவாரப் படை ஏந்திக் கைத்தொண்டு செய்தவர். அத்தொண்டின் சிறப்பே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எனச் சம்பந்தர் உணர்ந்தார். வாசி தீர வேண்டிப் பதிகம் பாடினார். பின்னர் அவருக்கும் நற்காசு கிடைத்தது.

செல்வத்தைப் பற்றிய இதனினும் நுட்பமான பாடம் அரிது. காசை இறைவன் இகழவில்லை. பசித்தவன் இலையில் சோறாக மாறுவதற்கென்றே அதைத் தந்தான். குவியலாகத் தராமல் அன்றன்றைக்கு ஒன்றாகத் தந்தான். கொடுத்தவன் இறைவனே ஆயினும், வாசியுள்ள காசு சோறாவதற்குக் காலம் தாழ்ந்தது.

இன்றைய நாணயங்களில் மாற்றுக் குறைவு இல்லை. ஆனால் பணம் வந்த வழியில் வாசி உண்டு. ஓர் ஊரில் பெரியவர் ஒருவர் பரம்பரை வீட்டை விற்ற பணத்தில் குலதெய்வத்திற்கு வெள்ளிக் கவசம் சாத்த விரும்பினார். பத்திரத்தில் கையொப்பமிட்ட தங்கை, கணவனை இழந்து வாடகை வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பங்கு தரப்படவில்லை, அவளும் கேட்கவில்லை. கவசத்திற்கு அளவெடுக்கும் நாளில் பெரியவரின் மனைவி கேட்டாள்: "இந்தக் காசில் வாசி இல்லையா?" மூன்று இரவுகள் அவருக்கு உறக்கமில்லை. நான்காம் நாள் தங்கையின் பங்கு அவள் வீடு சென்றது. எஞ்சியதிலும் கடன்கள் போக, கவசம் ஒரு வெள்ளி வில்வ இலையாகச் சுருங்கியது. சுவாமி அதை ஏற்றுக்கொண்டார் என்றே அவர் நம்புகிறார்.

பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்று 1989-இல் தமிழகமும், 2005-இல் நாடு முழுமைக்குமான சட்டமும் வகுத்தன. அறமோ அதற்கு நெடுங்காலம் முன்பே வகுத்துவிட்டது. வங்கி வைப்பில் வாரிசாக ஒருவர் பெயரை நியமித்தால் போதும் என்று முதியோர் பலர் எண்ணுகின்றனர். நியமனம் பெற்றவர் பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பாளரே அன்றி, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்பதை உயிலில் தெளிவாக எழுதி வைப்பதும் வாசி தீர்க்கும் வழியே. எழுதாமல் விட்ட பணத்தால் உடன்பிறந்தோர் நீதிமன்ற வாயிலில் முகம் திருப்பி நிற்கும் காட்சி ஊருக்கு ஊர் உண்டு.

உண்டியலின் முன் கை நீளும்போது, வேலைக்காரப் பெண்ணின் நிலுவைச் சம்பளமும், உடன்பிறந்தாளின் பங்கும், திருப்பாத கைமாற்றும் நினைவுக்கு வரட்டும். அவற்றைத் தீர்த்த பின் இடும் காசு ஒன்றே ஆயினும், அது வீழிநாதர் பீடத்தில் வைத்த நற்காசுக்கு ஒப்பாகும்.