கவிஞருக்கு வாரிசு யார்?

தம்பானூரில் தொடர்வண்டியை விட்டு இறங்கும் தமிழர்கள் பலர் அருங்காட்சியக வளாகத்துக்குச் சென்று, ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் ஓவியங்களைக் கண்டு திரும்புகிறார்கள். 1935இல் அக்கூடம் உருவாக முன்னின்று உழைத்தவர் ஓர் அயர்லாந்துக் கவிஞர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் ஜேம்ஸ் ஹென்றி கசின்ஸ்.

1873இல் பெல்பாஸ்டில் பிறந்த கசின்ஸ், யேட்ஸ் முதலியோரின் இலக்கிய மறுமலர்ச்சி இயக்கத்தில் பங்கேற்றவர். 1915இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து 'நியூ இந்தியா' இதழில் பணியாற்றினார். மறு ஆண்டு டப்ளினில் நிகழ்ந்த ஈஸ்டர் எழுச்சியைப் போற்றி எழுதியதால் அப்பணியை இழந்து, மதனப்பள்ளியில் ஆசிரியரானார். அவருடைய திறனாய்வு நூலொன்றை முன்வைத்தே அரவிந்தர் புதுச்சேரியில் 'ஆர்யா' இதழில் வருங்காலக் கவிதை பற்றிய நெடுந்தொடரைத் தொடங்கினார். 1919இல் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்தபோது, இன்றைய நாட்டுப்பண்ணின் மெட்டை இசைக்குறிப்பாக எழுதி வைத்தவர் கசின்ஸின் துணைவியார் மார்கரெட். பின்னர் கசின்ஸ் திருவிதாங்கூர் அரசின் கலை ஆலோசகரானார். 1956 பிப்ரவரியில் மதனப்பள்ளியில் மறைந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு உலக இலக்கிய வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்புதான்: 1904இல் ஜேம்ஸ் ஜாய்ஸ் சில நாள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர். அவர் கவிதைகளை இந்நகரிலேயே தேடிப் படிப்பவர் அரியர். அத்தம்பதியருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் பிள்ளைகள் இருந்திருந்தால் மட்டும் போதுமா?

கசின்ஸ் மறைந்த அதே மாதத்தில்தான் ச. வையாபுரிப்பிள்ளையும் மறைந்தார். அவரும் திருவனந்தபுரத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். இங்கே வழக்கறிஞராகவும், பிற்காலத்தில் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர். இந்நகரில் வாழ்ந்து 1897இல் மறைந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீய'த்தை 1922இல் பதிப்பித்தவர் அவரே. கவிஞருக்கு வாரிசு குருதி வழியில்தான் வரவேண்டும் என்பதில்லை. படிக்கிறவரும் பதிப்பிக்கிறவருமே வாரிசுகள்.

அப்படியானால் அந்த ஆய்வாளருக்கு வாரிசு யார்? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. ஓர் ஆய்வாளர் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஒரு கவிஞரைப் பற்றித் திரட்டியவற்றில் அச்சேறுவது சிறு பகுதியே. எஞ்சிய குறிப்புச் சீட்டுகள், கடிதங்கள், ஓரக்குறிப்புகள் நிறைந்த நூல்கள் அனைத்தும் ஒரு வீட்டு அலமாரியில் கிடக்கும். அவர் மறைந்தபின் அதன் முன் நிற்பவர் மகனோ மகளோ. அவர் பொறியாளராக இருக்கலாம். வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய நெருக்கடியில் இருக்கலாம்.

உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தபின், அவர் மகன் கல்யாணசுந்தரையர் ஏடுகளையும் நூல்களையும் ஒப்படைத்தார். ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943இல் நூலகம் எழுந்தது. இதில் இரு கைகள் உள்ளன: கொடுக்க ஒரு பிள்ளை, வாங்க ஒரு நிறுவனம். கொடுக்கும் கைகள் இன்றும் உண்டு. வாங்கும் கைகளே குறைவு. பட்டத்துக்கான ஆய்வேட்டைப் படிகளாகக் கேட்டுப் பெறும் நம் பல்கலைக்கழகங்கள், அதன் மூலக்குறிப்புகளையும் பெற்றுப் பட்டியலிட்டுக் காக்கும் கடமையை ஏற்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

'எல்லாவற்றையும் மின்னுருவாக்கிவிட்டால் போதாதா?' என்று கேட்கலாம். போதாது. எது யாருடைய கையெழுத்து, எந்தக் கடிதம் எதற்கு மறுமொழி என்பதை அறிந்தவர் குடும்பத்தார் மட்டுமே. அவர்கள் சொல்லாமல் விட்டால், பத்தாயிரம் படங்களும் பூட்டிய அறைக்கே ஒப்பாகும். பிள்ளைப் பாசத்தில் ஓர் இடரும் உண்டு. தந்தையின் பெயருக்கு இழுக்கு வருமோ என்று, அவர் அடித்துத் திருத்திய குறிப்புகளைச் சிலர் அகற்றிவிடுவர். ஆய்வாளர் தம் கருத்தை மாற்றிக்கொண்ட இடமே பின்வருவோருக்கு மிகவும் பயன்படும். அதை விட்டுவைப்பதே மெய்யான மரியாதை.

ஆகவே, பெற்றோரின் ஆய்வுத்தாள்கள் வீட்டில் இருப்போர் பழைய தாள் வாங்குபவரை அழைக்கும் முன் மூன்று செய்யலாம். முதலில், இருக்கும் வரிசையைக் கலைக்காமல் ஒரு பட்டியல் எழுதுங்கள். அடுத்து, பெற்றோர் உயிரோடிருந்தால் அருகில் அமர்ந்து பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, அவர்கள் எழுத்தின் பதிப்புரிமை, மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் பொதுவாக வாரிசுகளிடமே இருக்கும் என்பதால், பயன்படுத்தும் இசைவை எழுத்தில் கொடுங்கள்.

கசின்ஸின் படைப்புகளுக்கு இந்தியச் சட்டப்படி அந்தக் காலவரை 2016 இறுதியோடு முடிந்துவிட்டது. அவரை மொழிபெயர்க்கவோ மறுபதிப்புச் செய்யவோ இனி எவருடைய இசைவும் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு வாசகர் மட்டுமே.