கைக்குழந்தையுடன் ஊர்ப்பயணம்: காரா, இரயிலா?

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த ஊர் எட்டாத தொலைவில் இல்லை. கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் வாழ்வோர் பலருக்கு நாகர்கோவில் சுமார் 70 கிலோமீட்டர். வேறு பலருக்குத் திருநெல்வேலி, மதுரை. பெயர் சூட்டுதல், சோறூட்டுதல், காது குத்துதல் என்று, குழந்தை பிறந்த முதலாண்டிலேயே நாலைந்து பயணங்கள் நேர்ந்துவிடுகின்றன. அப்போதெல்லாம் வீட்டில் எழும் வினா ஒன்றுதான்: காரில் செல்வதா, இரயிலில் செல்வதா?

சென்ற மாதம் அன்பர் ஒருவர் இல்லத்தில் இவ்வினா வாதமாகவே முற்றியதை நேரில் கண்டோம். ஏழு மாதப் பேரனுக்கு நாகர்கோவிலில் சோறூட்டு விழா. "சொந்தக் கார் வாசலில் நிற்கும்போது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தம்பானூரில் ஏன் நெரிபட வேண்டும், அப்பா?" என்றார் மகன். "கார் இருக்கட்டும், தம்பி. அதில் பிள்ளைக்கு இடம் எங்கே?" என்று கேட்டார் பெரியவர். "அவன் அம்மா மடி இருக்கிறதே!" என்று மறுமொழி வந்தது. அம்மறுமொழியைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகின்றோம்.

முன்னாளில் இத்தகைய வாதத்திற்கே இடமில்லை. திருவனந்தபுரத்திற்கும் கன்னியாகுமரிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1979 ஏப்ரலில்தான். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு 1981-இல் பாதை வந்தது. அதற்கு முன் இரயிலில் நெல்லை செல்ல விரும்பியோர் கொல்லம், செங்கோட்டை வழியாகச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. இன்று இரு வழிகளும் உள்ளன. ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் நம்முடையதாயிற்று.

மடி குழந்தைக்கு மிக இனிய இடம், ஐயமில்லை. ஆனால் ஓடும் காரில் அது ஆசனமன்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலேனும் மோதி நின்றுவிட்டால், உள்ளே கட்டப்படாதவை யாவும் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம் அது. அக்கணத்தில் எட்டுக் கிலோ எடையுள்ள பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் வலிமை எந்தத் தாயின் கைக்கும் இல்லை. அது அன்பின் குறையன்று, உடலின் எல்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே பெல்ட்டில் சேர்த்துக் கட்டுவதும் தீங்கே. மோதும்போது பெரியவரின் பாரம் முழுவதும் பிள்ளைமேல் அழுந்தும்.

சட்டமும் இதனை அறியும். 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயது நிறையாத பிள்ளையைப் பெல்ட்டினாலோ குழந்தை ஆசனத்தினாலோ பாதுகாக்காமல் வண்டி ஓட்டுவோருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கின்றது. 2024 அக்டோபரில் கேரள மோட்டார் வாகனத் துறை, குழந்தை ஆசனம் இல்லையெனில் டிசம்பர் முதல் அபராதம் என்று அறிவித்தது. எதிர்ப்பு எழவே, அபராதம் விதிக்கப்படாது என்று அமைச்சர் விளக்கம் அளித்தார். நம்மில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். ஆயின் அபராதம் இல்லை என்பதனால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது அன்றோ?

இரவில் புறப்பட்டால் பிள்ளை தூங்கிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. பிள்ளைக்கு வரும் தூக்கம் ஓட்டுபவருக்கும் வரும். 2018 செப்டம்பர் 25 விடியற்காலையில், திருச்சூரிலிருந்து குடும்பத்துடன் திரும்பிய வயலின் கலைஞர் பாலபாஸ்கரின் கார், நம் நகருக்கு அருகே பள்ளிப்புறத்தில் மரத்தில் மோதியது. அவருடைய சின்னஞ்சிறு மகள் அன்றே மறைந்தாள். அக்டோபர் 2-இல் அவரும் மறைந்தார். அத்துயரை இந்நகரம் இன்னும் மறக்கவில்லை.

இரயிலிலும் இன்னல்கள் உண்டு. கூட்டம், மேம்பாலப் படிகள், தாமதம் எல்லாம் நாம் அறிந்தவையே. எனினும் அங்கே தாய் எழுந்து நடக்கலாம், பால் கொடுக்கலாம், துணி மாற்றலாம். பெரும் எடையுள்ள இரயில், கார்போல் ஒரு கணத்தில் நின்றுவிடுவதுமில்லை. ஐந்து வயது நிறையாத பிள்ளைக்குக் கட்டணமில்லை. தனிப் படுக்கையும் இல்லை. 45 வயது நிறைந்த பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கும் ஏற்பாடு இருப்பதனால், பாட்டியார் உடன் வருவது பல வகையில் நன்று. பிள்ளையைச் சுவர்ப்பக்கம் கிடத்தி, தாய் வெளிப்புறம் படுத்துக்கொள்வதே முறை.

காரே வேண்டுமெனில், முதற்செலவு குழந்தை ஆசனமாக இருக்கட்டும். கைக்குழந்தையின் ஆசனம் பின் இருக்கையில், பிள்ளையின் முகம் வண்டியின் பின்புறம் நோக்குமாறு பொருத்தப்படல் வேண்டும். காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் அதனை ஒருபோதும் வைத்தலாகாது. பகலில் புறப்படுக, இடையிடையே நிறுத்திப் பிள்ளையை வெளியே எடுத்து ஆசுவாசப்படுத்துக. தக்கலையில் தேநீர் அருந்த இறங்குவோர் பிள்ளையையும் உடன் எடுத்துச் செல்க. வெயிலில் நிற்கும் கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். இத்தாலியில், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் காரில் ஏற்றிச் செல்வோர், பிள்ளையை மறந்து இறங்கினால் எச்சரிக்கும் கருவியை வைத்திருக்க வேண்டுமென்று 2019 நவம்பர் முதல் சட்டமே உண்டு. மறதி எந்நாட்டுப் பெற்றோருக்கும் பொது.

ஆக, நாம் கூறுவது இதுவே: ஆசனம் உள்ள கார் நன்று, ஆசனமற்ற காரினும் இரயில் நன்று. நெடுந்தொலைவுக்கும் இரவுக்கும் இரயிலே நன்று.

அன்பர் இல்லத்து வாதம் எவ்வாறு முடிந்தது என்று கேட்பீர்கள். தாயும் பிள்ளையும் தாத்தாவும் பாட்டியும் காலை இரயிலில் சென்றனர். மகன், சீர்வரிசைப் பாத்திரங்களையும் பெட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு தனியே சென்றார். நாகர்கோவில் நிலையத்தில் அவர்களை வரவேற்க வந்தவர், போக்குவரத்து நெரிசலில் அகப்பட்டு அரை மணி தாமதமாக வந்தாராம். பேரன் அதற்குள் பாட்டியின் மடியில் பால் குடித்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தான். மடிக்கு உரிய வேலை அதுவே.