ஆறாவது வாகனம்

ஆபிரிக்க சஃபாரி எண்டதும் முதலில ஞாபகம் வாறது சிங்கம், அடுத்தது சிறுத்தை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: சிவிங்கி. மெலிஞ்ச உடம்பு, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு. இதையும் சிறுத்தை எண்டுதான் கனபேர் சொல்லுறவை. ஆனால் இரண்டும் வேறு வேறு. சிறுத்தை பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். சிவிங்கி பகலில்தான் கூடுதலாக வேட்டையாடும். சிங்கமும் கழுதைப்புலியும் அதின்ர இரையைப் பறிச்சுப்போடும் எண்டதுதான் காரணம்.

அவையளிட்ட இருந்து தப்பிப் பகலுக்கு வந்தால், அங்க நிக்கிறது நாங்கள்.

கென்யாவின் மசாய் மாராவில் ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வாகனங்களுக்கு மேல் நிற்கக்கூடாது, 25 மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது என்று விதி இருக்கிறது. எல்லாரும் அதை மதிக்கிறதில்லை. அங்கே நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. சுற்றுலா வாகனங்கள் குறைவான இடங்களில் ஒரு தாய்ச் சிவிங்கி ஓர் ஈற்றில் சராசரியாக 2.32 குட்டிகளை வளர்த்தெடுத்தது. வாகனங்கள் நெரியும் இடங்களில் வெறும் 0.21. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி!

சாரதியில பிழை சொல்லுறது லேசு. "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கோ" எண்டு கேக்கிறதும், போனதும் சந்தோசமாக் காசு குடுக்கிறதும் ஆர்? யால காட்டில் ஒரு சிறுத்தைக்காக ஜீப்புகள் வரிசையில் நெரிபடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

ஆபிரிக்காவுக்குப் போகாதேங்கோ எண்டு நான் சொல்லேல்ல. சுற்றுலாக் காசு இல்லாவிட்டால் பல காடுகளைக் காப்பாற்றவும் வழியில்லை. நான் சொல்லுறது ஒண்டுதான்: எங்கட வாகனம் ஆறாவது எண்டால், திருப்பச் சொல்லுவம்.

திரும்புகிற வழியிலும் பூனைகள் இருக்கு. உயர்ந்த புல்லுக்குள் எலியின் சத்தத்தைக் காதாலேயே பிடித்துப் பாய்கிற சேர்வல், காது நுனியில் மயிர்க்குஞ்சம் வைத்த கராகல், எங்கட வீட்டுப் பூனை மாதிரியே இருக்கிற ஆபிரிக்கக் காட்டுப்பூனை. வீட்டுப் பூனையின்ர மூதாதையே அந்த இனந்தான். இதுகளைச் சுற்றி ஒருத்தரும் ஜீப்பை நிப்பாட்டுறதில்லை. கண்ணில் படுமா எண்டதுக்கு உத்தரவாதமும் இல்லை.

சிவிங்கியின்ர படம் கிடைக்காமல் வீட்டுக்கு வாறது பெரிய நட்டமே? அதுக்கு அண்டைக்கு இரை கிடைச்சிருந்தால் காணும்.