இரவுச் சாலை யாருக்கு?

மைசூரிலிருந்து உதகமண்டலத்திற்கு வரும் நெடுஞ்சாலை குண்டல்பேட்டையைத் தாண்டியதும் பந்திப்பூர்க் காட்டினுள் நுழைகிறது. கக்கநல்லாவில் மாநில எல்லையைக் கடந்தவுடன் அதே காட்டிற்கு முதுமலை என்று பெயர். எல்லைக்கோடு நமக்குத்தான், யானைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இந்தச் சாலையில் பந்திப்பூர்ப் பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் செல்லக் கூடாது என்று 2009ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. தடையை நீக்குங்கள் என்பார் ஒரு சாரார். நீக்கவே கூடாது என்பார் மற்றொரு சாரார். நான் இரண்டாவது சாராரைச் சேர்ந்தவள்.

முதுமலை நேற்று முளைத்த பூங்கா அன்று. 1940ஆம் ஆண்டிலேயே, வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், தென்னிந்தியாவின் முதல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. இதன் உட்பகுதி 321 சதுர கிலோமீட்டர். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் வளர்ந்த ஆண் புலி ஒன்றே பல சதுர கிலோமீட்டர் பரப்பைத் தன் எல்லையாக வைத்துக்கொள்ளும் என்பதை நினைத்தால் அது சிறிய இடமே. வடக்கே பந்திப்பூரும் நாகரஹொளேயும், மேற்கே வயநாடும் ஒட்டிக் கிடப்பதால்தான் முதுமலை உயிர்பிழைத்திருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்த காடு, உலகிலேயே புலிகள் மிகுதியாக வாழும் இடங்களுள் ஒன்று. அதன் நடுவே கத்தியால் கீறியது போல நெடுஞ்சாலை செல்கிறது.

சாலை ஓரத்தில் விலங்குகள் ஏன் வந்து நிற்கின்றன என்று பலர் கேட்கிறார்கள். காட்டில் வேறு இடமா இல்லை என்பது அவர்கள் கேள்வி. இதற்கு விடை புல்லில் இருக்கிறது. வெள்ளையர்கள் அழகுக்காகத் தோட்டங்களில் கொண்டுவந்து வைத்த உண்ணிச்செடி இன்று காட்டினுள் புதர் புதராக மண்டிவிட்டது. மானும் காட்டெருமையும் அதை மேய்வதில்லை. அதன் அடியில் புல்லும் நன்றாக முளைப்பதில்லை. தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் பச்சைதான். மானுக்கு அது வெறும் பட்டினி. சாலையின் இரு பக்கமும் பார்வைக்காகப் புதர்களை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள் அல்லவா? அங்கே இளம்புல் துளிர்க்கிறது. அதைத் தேடிப் புள்ளிமான்கள் வருகின்றன. மானைத் தேடிப் புலியும் சிறுத்தையும் வருகின்றன. ஆக, நாம்தான் அவற்றைச் சாலைக்கு அழைத்திருக்கிறோம்.

பகலில் ஓட்டுநருக்கு மான் தெரியும், மானுக்கும் வண்டி தெரியும். இரவில் முகப்பு விளக்கின் ஒளி கண்ணில் பட்டதும் மான் ஓடாது, திகைத்து நின்றுவிடும். அந்த ஒரு நொடி போதும். இதுவாவது கண்ணில் படும் பெரிய பிராணி. மழைக்காலத்தில் சாலையைக் கடக்கும் தவளைகளையும், பாம்புகளையும், காட்டு முயலையும், மரநாயையும் யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? புலி செத்தால் செய்தித்தாளில் படம் வருகிறது. மரநாய் செத்தால் காலையில் காக்கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இனி மறுதரப்பு. என் தாய்மாமா காய்கறி லாரி ஓட்டுபவர். குண்டல்பேட்டைப் பக்கமிருந்து எங்கள் கூடலூருக்குச் சரக்கு ஏற்றி வருவார். ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் தாமதமானாலும் விடியும்வரை சாவடியில் கிடக்க வேண்டும். தக்காளி நசுங்கிவிட்டால் முதலாளி அவரிடம்தான் கணக்குக் கேட்பார். "ஏம்மா, மிருகத்துக்கு வழி விடு வழி விடுன்னு எழுதுறியே, மனுசன் எந்த வழியில போவான்?" என்று அவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். கோபத்தில் கேட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. 2021ஆம் ஆண்டில் எங்கள் பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலியை மூன்று வாரம் தேடி உயிருடன் பிடித்தார்களே, அப்போது மாலையானால் கதவைச் சாத்திக்கொண்டு அஞ்சி இருந்தவர்கள் இங்குள்ள தோட்டத் தொழிலாளர்கள். எங்கோ நகரத்தில் அமர்ந்து "புலியைக் காப்போம்" என்று சொல்வது சுலபம். காட்டின் விலையைக் கொடுப்பவர்கள் காட்டோரத்து ஏழைகள்தாம்.

ஆனாலும் மாமாவுக்கு நான் சொன்ன பதில் இது. நாளுக்கு 24 மணி நேரம். அதில் 15 மணி நேரம் சாலை நம்முடையது. அவற்றுக்கு விட்டிருப்பது ஒன்பது மணி நேரம் மட்டுமே. அந்த ஒன்பதிலும் ஆம்புலன்ஸ் போகலாம், தீயணைப்பு வண்டி போகலாம், குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளும் போகலாம். இது கதவைச் சாத்துவது ஆகாது. பாகம் பிரித்துக்கொள்வது.

எங்கள் மறைக்கல்வி வகுப்பில் புனித அசிசி பிரான்சிஸ் பற்றிய கதை ஒன்று சொல்வார்கள். கூபியோ என்ற ஊரை ஓர் ஓநாய் அச்சுறுத்தி வந்தது. ஊரார் அதைக் கொல்லப் புறப்பட்டனர். புனிதரோ அதனிடம் சென்று பேசி ஓர் உடன்படிக்கை செய்துவைத்தாராம். ஓநாய் யாரையும் கடிக்கக் கூடாது. ஊரார் அதற்கு நாள்தோறும் உணவு தர வேண்டும். இந்தக் கதையைக் கேட்பவர்கள் ஓநாய் சாதுவானதைத்தான் வியக்கிறார்கள். எனக்கு வியப்பாக இருப்பது ஊரார் பங்கு. ஓநாய் இருக்கும் வரை அவர்களும் தங்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள். ஒன்பது மணித் தடையை நான் அப்படிப்பட்ட வாக்காகவே எண்ணுகிறேன்.

உண்மையில் என் கோபம் லாரிக்காரர்கள் மேல் இல்லை. பகலில் வருகிற உல்லாசப் பயணிகள் மேல்தான். வயிற்றுப் பிழைப்புக்குப் போகிறவன் காட்டில் வண்டியை நிறுத்துவதில்லை. காரில் வருபவர்கள் நிறுத்துகிறார்கள், இறங்குகிறார்கள், யானைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், குரங்குக்குச் சிப்ஸ் பொட்டலத்தை உறையோடு வீசுகிறார்கள். புலியைப் பார்க்கவில்லை என்றால் கொடுத்த பணம் வீண் என்று வேறு முறையிடுகிறார்கள்! அவர்களுக்காகவே மசினகுடிப் பக்கம் யானைகளின் வழித்தடத்தில் விடுதிகள் எழுந்தன. 2011இல் உயர்நீதிமன்றமும், 2020இல் உச்சநீதிமன்றமும் அந்த வழித்தடம் யானைகளுக்கே என்று தீர்ப்பளித்தன. அடுத்த சில மாதங்களிலேயே, 2021 சனவரியில், மசினகுடியில் விடுதி ஒன்றின் அருகே வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். அது காதில் சிக்கி எரிந்தது. சிகிச்சைக்காகத் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியில் யானை இறந்தது. அதன் தும்பிக்கையைத் தடவி அழுத வனத்துறை ஊழியரை நாடே தொலைக்காட்சியில் கண்டது.

ஆகவே இரவுத் தடை நீடிக்கட்டும். பகலில் காட்டினுள் வண்டியை நிறுத்துபவருக்கு வலிக்கிற அளவு அபராதம் போடட்டும். கூடவே, சாவடியில் விடியும்வரை காத்திருக்கும் ஓட்டுநர்களுக்கு ஒரு கூரையும், நல்ல தண்ணீரும், கழிப்பறையும் அரசு அமைத்துத் தரட்டும். காய்கறி, பால் வண்டிகளைக் காலை 6 மணிக்கு உல்லாசக் கார்களுக்கு முன்பாக அனுப்பட்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. கூடலூர் மருத்துவமனையில் நள்ளிரவிலும் வைத்தியர் இருப்பார் என்ற உறுதி கிடைத்துவிட்டால், எங்கள் ஊரில் இந்தத் தடையை எதிர்க்கும் குரல்களில் பாதி அடங்கிவிடும். மாமாவும் அதை ஒப்புக்கொண்டார். மீதிப் பாதி தக்காளிக்காக என்றார்.