மூளைக்கு மருந்து போத்தலில் இல்லை



எம்மவரிடையே முதியோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அவர்களுட் பலரை வாட்டுவது மறதிநோய் வந்துவிடுமோ என்ற அச்சம். அவ்வச்சத்தினால் 'அன்ரிஒக்சிடன்ற்' என்று எழுதிய போத்தல்களை வாங்கிக் காலையும் மாலையும் குளிசை விழுங்குவோர் பலர். இதனாற் பணம் வீணாவது ஒருபுறம் இருக்க, செய்யவேண்டியதைச் செய்யாது விடுவதற்கு இக்குளிசை ஒரு சாட்டாகி விடுகின்றது என்பதே எனது கவலை.

குளிசை விற்போர் கூறும் நியாயம் முற்றும் பொய்யன்று. உடல் எடையில் மூளை 2 வீதமே. ஆயினும் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 வீதத்தை அதுவே செலவிடுகின்றது. அப்போது உண்டாகும் சில பொருட்கள், இரும்பைத் துரு அரிப்பதுபோல உயிர்க்கலங்களை அரிக்கின்றன. முதுமைக்கு இதுவே காரணம் என்னும் கொள்கையை டென்ஹாம் ஹார்மன் 1956இல் வெளியிட்டார். எனவே துருவைத் தடுக்கும் விற்றமின்கள் மூளையைக் காக்கும் என்று எண்ணியது இயல்பே.

ஆனால் சோதித்தபோது அவ்வாறு நிகழவில்லை. 7,500 முதிய ஆண்களிடம் விற்றமின் ஈயையும் செலெனியத்தையும் சோதித்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. மறதிநோய் குறையவில்லை. அதனோடு இணைந்த பெரிய ஆய்வில், விற்றமின் ஈ உட்கொண்டோருக்குப் புரொஸ்ரேற் புற்றுநோய் 17 வீதம் கூடியது 2011இல் தெரியவந்தது. 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில், தேகப்பயிற்சி செய்த இளைஞரிடம் இன்சுலின் நன்கு வேலை செய்தது. பயிற்சியோடு விற்றமின் சீ, ஈ குளிசைகளையும் எடுத்தவர்களிடம் அந்நன்மை காணப்படவில்லை. பயிற்சியால் உண்டாகும் சிறிதளவு 'துரு'வே உடலின் சொந்தக் காவலைத் தட்டியெழுப்புகின்றது. குளிசை அதனை அடக்கிவிடுகின்றது.

நடையின் பயனோ வேறு. 2011இல் வெளியான ஆய்வொன்றில் 120 முதியோர் பங்குபற்றினர். வாரத்தில் மூன்று நாள், 40 நிமிடம் வீதம் ஓராண்டு நடந்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகம்பஸ் என்னும் மூளைப்பகுதி 2 வீதம் பருத்தது. தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல், மறதிநோயைத் தவிர்க்கத் தேகப்பயிற்சியை விதந்துரைத்து, விற்றமின் ஈ குளிசையை வேண்டாம் என்றது.

துருவைத் தடுக்கும் சத்துக்களை உணவிலே பெறுவோம். வல்லாரை, முருங்கைக்கீரை, பருப்பு, பழங்கள் எல்லாம் இந்நாட்டுத் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஆயினும் மரக்கறி மட்டும் உண்போருக்கு விற்றமின் பீ12 குறைந்தால் மறதி உண்டாகலாம். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் எம்மவருக்கு விற்றமின் டீயும் குறைகின்றது. இவற்றுக்குக் குளிசை தேவைப்படும். உங்கள் வைத்தியரைக் கேட்டு எடுங்கள். வைத்தியர் தந்த வேறெந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி எமது சங்கத்துக்கு வருவோம். கோவில் வாசல்வரை காரில் வந்து, நாற்காலியில் அமர்ந்து, குவித்த வெள்ளைச் சோறும் வடையும் பாயசமும் உண்டு மீண்டும் காரில் ஏறுகின்றோம். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மறதிநோய்க்கு வழிவகுப்பவை என்பதை அறிந்தும் இதனைத் தொடர்வது முறையா?

நிர்வாக சபைக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன் அரைமணி நேரக் கூட்டுநடை. குளிரென்றால் மண்டபத்துள்ளே நடக்கலாம். முழங்கால் வலியுள்ளோர் மெல்ல நடக்கலாம். நெஞ்சுவலியுள்ளோர் முதலில் வைத்தியரிடம் காட்டவேண்டும். மற்றது, அன்னதானத்தில் சோற்றைப் பாதியாக்கி, கீரையும் பருப்பும் இரு மடங்காக்குதல்.

சுவாமிக்குப் படைப்பதைக் குறைப்பதா என்று சிலர் வினவக்கூடும். நைவேத்தியம் அப்படியே இருக்கட்டும். மாறவேண்டியது எங்கள் தட்டு. ஊரிலே எங்கள் பெற்றோர் கோவிலுக்கு நடந்து சென்று, வெளிவீதியை வலம் வந்தே வழிபட்டனர். அதனை இங்கே மீண்டும் தொடங்க எவரிடமும் அனுமதியோ பணமோ பெறவேண்டியதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஆராய்ந்து முடிவெடுப்போமாக.